ஒரகடத்து மழை அடையாறுக்கா, பாலாறுக்கா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிப்போம். வண்டலூர்–வாலாஜாபாத் ரோடு தெரியும்ல? வாலாஜாபேட்டை இல்ல, அது ராணிப்பேட்டைப் பக்கம். இது காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவுல, பாலாத்தங்கரையில இருக்கிற வாலாஜாபாத். படப்பை, ஒரகடம் தாண்டிப் போற ரோடு. கார் கம்பெனி, கன்டெய்னர் லாரி, ஷிஃப்ட் பஸ்னு எப்பவும் நெரிசலா இருக்கும். அந்த ரோடு முழுக்க ஒரே நேரத்துல நல்ல மழை கொட்டுதுன்னு வைங்க. தண்ணி எங்க போகும்?

படப்பைப் பக்கம் விழுந்தது அடையாறுக்குப் போகும். முடிச்சூர், திருநீர்மலை, மீனம்பாக்கத்துல ரன்வேக்கு அடியில புகுந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியா கடல். வாலாஜாபாத் பக்கம் விழுந்தது பாலாறுக்குப் போகும். திருமுக்கூடல்ல செய்யாறும் வேகவதியும் வந்து சேர, அப்படியே இறங்கி கல்பாக்கத்துக்குத் தெற்கே கடல். ஒரே மழை, ஒரே ரோடு. ஆனா ரெண்டு தண்ணியும் கடல்ல சேர்ற இடங்களுக்கு நடுவுல அறுபது கிலோமீட்டர் போல தூரம் இருக்கு.

அப்படின்னா அந்த ரோட்டுல எங்கேயோ ஒரு இடத்துல தண்ணி முடிவு எடுக்குது. இந்தப் பக்கம் விழுந்தா அடையாறு, அந்தப் பக்கம் விழுந்தா பாலாறு. அந்த இடங்களை எல்லாம் சேர்த்து ஒரு கோடா வரைஞ்சா அதுதான் நீர்ப்பிடிப்பு எல்லை. மலைப் பக்கம் இந்தக் கோட்டைக் கண்ணாலயே பார்க்கலாம், மலை முகடுதான் கோடு. ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவுல என்ன முகடு இருக்கு? அதனால நாம சாட்டிலைட் தரவை நம்புறோம். அந்தத் தரவு இந்த மண்ணுல எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் இன்னைக்குப் பேச்சு.

கோடு தப்பா இருந்தா யாருக்கு என்ன?

2015 டிசம்பர் 1. அன்னைக்கு 24 மணி நேரத்துல தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டாங்க. அந்த வெள்ளம்னாலே எல்லாரும் செம்பரம்பாக்கத்தைத்தான் சொல்வோம். ஆனா ஒண்ணு கவனிங்க. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்றது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதுக்கு மேல்புறம் இருக்கிற ஊர்கள். அங்க மாடி வரைக்கும் ஏறினது அடையாறோட சொந்த மேல்பகுதித் தண்ணி. ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம்னு அந்தப் பக்கத்து ஏரிகள் ஒண்ணு நிரம்பி இன்னொண்ணுல வழிஞ்சு வந்த தண்ணி. பிற்பாடு ஒரத்தூரில் நீர்த்தேக்கம் கட்டும் வேலையை எடுத்தது அதனாலதான்.

ஒரு நீர்த்தேக்கமோ, ரோட்டுக்கு அடியில ஒரு சின்னப் பாலமோ எவ்வளவு பெருசா கட்டணும்னு எப்படி முடிவு பண்றாங்க? முதல் கேள்வியே “எவ்வளவு நிலத்தோட தண்ணி இங்க வந்து சேருது?” என்பதுதான். நம்ம ஊர் பொறியாளர்கள் ரொம்ப நாளா கையில வச்சிருக்கிற ஒரு வாய்பாடு இருக்கு, பேரு ரைவ்ஸ் வாய்பாடு. 1884ல மெட்ராஸ் மாகாணத்துக்காக வந்தது. நீர்ப்பிடிப்புப் பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, ஒரு மாறிலியால பெருக்கினா வெள்ள அளவு கிடைக்கும். கடலோரத்துல இருந்து 80 கிலோமீட்டருக்குள்ள அந்த மாறிலி 6.8. பரப்பு 10 சதுர கிலோமீட்டர்னா விநாடிக்கு சுமார் 32 கன மீட்டர். அதே பரப்பு நிஜத்துல 20ன்னா சுமார் 50. கோட்டை நகர்த்தி வரைஞ்சதுக்காக, 50 போக வேண்டிய பாலத்தை 32க்குக் கட்டிட்டா மிச்சம் எங்க போகும்? ரோட்டுக்கு மேல, இல்லைன்னா பக்கத்து லேஅவுட்டுக்குள்ள.

இன்னொரு வேடிக்கை. அடையாறு எங்க தொடங்குதுன்னு தேடினா, மணிமங்கலம் பக்கத்து மலைப்பட்டு ஏரின்னு சில இடத்துல இருக்கும், ஆதனூர் ஏரின்னு சில இடத்துல இருக்கும். மொத்தமே 42 கிலோமீட்டர் ஓடுற ஆறு அது. ஊற்றா ஒரு புள்ளியில பிறக்காம, ஏரி வழிஞ்சு உருவாகிற ஆறு என்பதால் எது முதல் ஏரின்னு சொல்றது ஆளுக்கு ஆள் மாறுது.

கம்ப்யூட்டர் கோடு போடும் விதம்

நிலத்தைச் சதுரச் சதுரமா வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு உயரம் எழுதி வச்சா அதுதான் உயர மாதிரி. ஜிஐஎஸ் ஆளுங்க ‘டெம்’னு சொல்வாங்க. இலவசமா கிடைக்கிறதுல பெரும்பாலும் ஒரு சதுரம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். கம்ப்யூட்டர் ஒவ்வொரு சதுரத்துலயும் நின்னு, சுத்தி இருக்கிற எட்டு சதுரங்கள்ல எது ரொம்பச் சரிவா இறங்குதுன்னு பார்க்கும். தண்ணியை அங்க தள்ளும். 1984ல ஓகேலகன், மார்க் என்கிற ரெண்டு பேர் எழுதின முறை இது. இன்னைக்கும் பெரும்பாலான மென்பொருள்ல இதுதான் ஓடுது. எல்லாச் சதுரமும் தண்ணியை எங்க அனுப்புதுன்னு தெரிஞ்சா, ஒரு ஆத்துக்கு எந்தெந்தச் சதுரம் அனுப்புதோ அதைச் சுத்திக் கோடு போட்டுடலாம்.

நடுவுல ஒரு பள்ளம் இருந்தா? எட்டுப் பக்கமும் மேடு, தண்ணி மாட்டிக்கும். வழக்கமான தீர்வு என்னன்னா, அது அளவீட்டுப் பிழைன்னு எடுத்துக்கிட்டுப் பள்ளத்தை நிரப்பி, எங்க தாழ்வா இருக்கோ அங்க வழிய விடுறது. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. காஞ்சிபுரம் மாவட்டத்துல வந்துதான் இது நல்லா மாட்டும்.

நாலு சென்டிமீட்டர்

இப்போ கொஞ்சம் கணக்கு. காஞ்சிபுரம் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 83 மீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியோட முழு நீர்மட்டம் 85.4 அடி, அதாவது 26 மீட்டர். ரெண்டுக்கும் நடுவுல நேர்க்கோட்டுத் தூரம் நாப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. இறக்கம் 57 மீட்டர். அப்போ சராசரியா கிலோமீட்டருக்கு 1.3 மீட்டர். ஒரு 30 மீட்டர் சதுரத்துல இருந்து அடுத்த சதுரத்துக்குப் போகும்போது இறங்குறது நாலு சென்டிமீட்டர். உங்க செருப்போட குதிகால் உயரம்.

அந்த நாலு சென்டிமீட்டரைக் கண்டுபிடிக்க நாம என்ன கருவி வச்சிருக்கோம்?

உலகத்துல அதிகம் பேர் பயன்படுத்துற உயரத் தரவு எஸ்ஆர்டிஎம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம், 60 மீட்டர் நீளக் கம்பத்தை வெளியே நீட்டி, ரெண்டு ஆன்டெனா வச்சு ரேடார்ல உலக நிலப்பரப்பின் சுமார் 80 சதவீதத்தைப் பதினொரு நாள்ல அளந்தது. அசாத்தியமான வேலை, அதுல சந்தேகமே இல்ல. அதுக்கு முன்னாடி இந்தப் பகுதிக்கு எளிதா கிடைச்சது 20 மீட்டர் இடைவெளியில் சம உயரக்கோடு போட்ட டோப்போஷீட்தான். நம்ம சரிவுக்கு ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல 15 கிலோமீட்டர் வரும்!

ஆனா எஸ்ஆர்டிஎம்-மின் பிழை, ஆசிய–ஐரோப்பிய நிலப்பரப்பில் பத்துல ஒன்பது இடத்துல ஆறு மீட்டர் சொச்சத்துக்குள்ள. அதாவது 600 சென்டிமீட்டர். நமக்கு வேண்டியது நாலு. அதோட உயரங்களை முழு மீட்டர்லதான் எழுதி வச்சிருக்காங்க. 54க்கு அடுத்தது 55, நடுவுல எதுவும் கிடையாது. கிலோமீட்டருக்கு 1.3 மீட்டர் சரிவுன்னா, தரவுல ஒரு மீட்டர் மாறுறதுக்குள்ள இருபத்தஞ்சு சதுரம் தாண்டணும். பிழையே இல்லாம அளந்திருந்தாலும் இருபத்தஞ்சும் ஒரே எண். கம்ப்யூட்டர் எட்டுப் பக்கமும் பார்க்குது, எல்லாம் சமம். அப்புறம் அது எடுக்கிற முடிவு மென்பொருள் விதியோட முடிவு, நிலத்தோடது இல்ல. தட்டைப் பகுதிகள்ல ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி இணையான நேர்க்கோட்டு ஓடைகள் மேப்புல வந்தா, அது அந்த விதி போட்ட கோலம்னு புரிஞ்சுக்கலாம்.

இங்க ஒரு நியாயமும் சொல்லணும். எல்லா இடத்துலயும் ஒரே அளவு தப்பு இருந்தா நீர்ப்பிடிப்பு எல்லைக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா யார் யாரை விட உயரம் என்பதுதான் கேள்வி. இதுக்கு நல்ல உதாரணம் நம்ம இஸ்ரோவோட கார்ட்டோசாட்–1 தரவு. புவன் தளத்துல இருந்து கார்ட்டோடெம் இறக்கிப் பார்த்த பல பேர் அதிர்ச்சி ஆகியிருப்பீங்க, சென்னை கடலோரம் மைனஸ் எண்பது சொச்சம் மீட்டர்னு காட்டும். சென்னை மூழ்கலை. அந்த உயரம் பூமியின் கணித வடிவமான நீள்வட்டத்துல இருந்து அளந்தது. கடல் மட்டமோ நம்ம பக்கத்துல அந்த வடிவத்துக்குச் சுமார் 85 மீட்டர் கீழ கிடக்கு. எல்லாப் புள்ளியும் சேர்ந்து ஏறத்தாழ ஒரே அளவு இறங்குது, அதனால ஓட்டத் திசை மாறாது. கார்ட்டோடெம்மையும் எஸ்ஆர்டிஎம்மையும் பாதிப் பாதியா ஒட்டினாத்தான் ஆபத்து. பக்கத்துச் சதுரங்களுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு முரணா வர்ற பிழை, அதுதான் தட்டை நிலத்துக்கு எமன்.

கொல்லிமலையிலயோ நீலகிரியிலயோ இதே எஸ்ஆர்டிஎம் அழகா வேலை செய்யும். முகடு நூத்துக்கணக்கான மீட்டர் உயரம், ஆறு மீட்டர் தப்பு அங்க தூசு. தரவு நல்லதா கெட்டதாங்கிற கேள்விக்கு, எந்த நிலத்துக்குன்னு கேட்காம பதில் சொல்ல முடியாது.

ஏரி என்கிற ‘பிழை’

இப்போ அந்தப் பள்ளம் நிரப்புற விஷயம். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிக்கு ஏரி மாவட்டம்னே பேரு. நம்ம ஏரி எப்படி இருக்கும்? மூணு பக்கம் மண்கரை, மேட்டுப் பக்கம் திறந்து கிடக்கும். நிரம்பினா கலங்கல் வழியா உபரி போகும். கலங்கல்ல வழிஞ்சது அடுத்த ஏரிக்கு, அதுல இருந்து அதுக்கு அடுத்ததுக்கு. வாலாஜாபாத் பக்கத்துத் தென்னேரி பெரிய ஏரி. அதோட உபரி நீஞ்சல் மடுவு வழியா பாலாறுக்குப் போகுது.

கம்ப்யூட்டருக்கு ஏரி ஒரு பள்ளம், அதாவது பிழை. நிரப்பிடும். நிரப்பி, கரையில எங்க தாழ்வா தெரியுதோ அங்க உடைச்சு விடும். கரை எப்படித் தெரியும்? நாலு மீட்டர் உயரம், மேல மூணு மீட்டர், அடியில பதினஞ்சு மீட்டர் அகலம் உள்ள ஒரு கரைன்னு வச்சுக்கோங்க. 30 மீட்டர் சதுரத்துல சராசரி எடுத்தா அந்தக் கரை 1.2 மீட்டர் மேடா சுருங்கிடும். அதுக்கு மேல பல மீட்டர் பிழை. கரை ஓட்டை ஓட்டையா தெரியும். எந்த ஓட்டையில முதல்ல வழியுதோ அதுதான் அந்த ஏரியோட கலங்கல்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடும். நிஜக் கலங்கல் கரையோட மறுகோடியில இருக்கலாம். கிழக்குக் கோடியில வழிஞ்சா ஒரு ஏரிச் சங்கிலி, மேற்குக் கோடியில வழிஞ்சா இன்னொண்ணு. ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கிற ஏரின்னா, ஒரு கலங்கல் இடம் மாறினா அந்த ஏரிக்கு மேல இருக்கிற மொத்தச் சங்கிலியும் ஒரு ஆத்துல இருந்து இன்னொரு ஆத்துக்கு மேப்புல கட்சி மாறிடும்.

என் கணிப்புல இந்தப் பகுதியோட நீர்ப்பிடிப்பு எல்லையை மனுஷங்கதான் வரைஞ்சிருக்காங்க. மண்ணு போட்டு, கல்லு கட்டி, கலங்கல் எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு ஊருக்கு ஊர் சண்டை போட்டு. பழைய டோப்போஷீட்ல ஏரிக்கரைப் பக்கத்துல 3ஆர், 5ஆர்னு எழுதியிருப்பாங்களே, பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. கரை பக்கத்துத் தரையை விட எத்தனை மீட்டர் உயரம்னு அர்த்தம். சம உயரக்கோடே இல்லாத இடத்துல அந்த ரெண்டு எழுத்துதான் உருப்படியான தகவல்.

பிப்ரவரின்னா இங்க பல ஏரிகள்ல தண்ணி நிக்கிற மாசம் வேற. ரேடார் தண்ணிக்கு அடியில பார்க்காது. ஆழம் தெரியவே தெரியாது.

ஷெட் கூரையும் தரைதானாம்

இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் உற்பத்தி தொடங்கினது 1998. ஒரகடத்துல ரெனோ–நிசான் ஆலை திறந்தது 2010, டைம்லர் 2012. எஸ்ஆர்டிஎம் எடுத்தது 2000. ஆக, அந்தத் தரவுல ஒரகடம் இன்னும் வயலும் ஏரியும்தான். ஆலை கட்டுறவங்க முதல்ல செய்யறது மனையை மண் அடிச்சு மேடாக்குறது. ஒரு மீட்டர் உசத்தினாலே, நம்ம சரிவுக்கு முக்கால் கிலோமீட்டர் இயற்கை இறக்கத்தை அழிச்ச மாதிரி. ரோட்டை அகலப்படுத்தி உசத்துறதும் அப்படித்தான்.

சரி, புதுசா ஒண்ணு எடுப்போம்னா கோப்பர்நிகஸ் தரவு இருக்கு. 2010 கடைசியில இருந்து 2015 தொடக்கம் வரை ஜெர்மானிய ரேடார் சாட்டிலைட் ஜோடி அளந்தது. இன்னும் துல்லியமானது, சென்டிமீட்டர் பின்னமும் உண்டு. ஆனா அந்த ரேடார் மேலே முதல்ல படுறதைத்தான் அளக்கும். அதுக்கு ஷெட் கூரையும் தரை, தைலமரத் தோப்போட உச்சியும் தரை. நூத்துக்கணக்கான மீட்டர் நீளமுள்ள ஆலைக் கூரை அதுல பத்து மீட்டர் மலையா நிக்கும், தண்ணி அதைச் சுத்திப் போகும். நிஜத்துல கூரைத் தண்ணி குழாய்ல இறங்கி, காம்பவுண்டுக்குள்ள வடிகால்ல ஓடி, கம்பெனி எந்தப் பக்கம் வாய் வச்சிருக்கோ அந்தப் பக்கம் வெளிய வரும்.

2022ல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் மெஷின் லேர்னிங் வச்சு இந்தக் கோப்பர்நிகஸ்ல இருந்து மரத்தையும் கட்டடத்தையும் கழிச்சு ‘ஃபேப்டெம்’னு வெளியிட்டாங்க. நல்ல முன்னேற்றம், நான் சிபாரிசு பண்ணுவேன். ஆனா கூரைக்கு அடியில தரை எவ்வளவுன்னு அது அளக்கலை, ஊகிக்குது. இந்த மாதிரி திருத்தம் எவ்வளவு பெரிய வித்தியாசம் பண்ணும்னா, 2019ல கல்ப், ஸ்ட்ராஸ் ரெண்டு பேரும் கடலோர எஸ்ஆர்டிஎம் உயரங்களைத் திருத்திப் பார்த்தப்போ, கடல் மட்ட உயர்வால ஆபத்துல இருக்கிற மக்கள் தொகை மதிப்பீடு மூணு மடங்கு ஆச்சு. கடல் அதே கடல்தான்.

கோட்டைத் தாண்டுற கால்வாய்

கம்பன் கால்வாய் கேள்விப்பட்டிருப்பீங்க. பாலாத்துத் தண்ணியை ஸ்ரீபெரும்புதூர், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்குக் கொண்டுவர்ற பழைய கால்வாய். அதாவது பாலாற்றுப் படுகையில இருந்து அடையாற்றுப் படுகைக்கு. எந்த டெம்லயும் இதுக்கு இடம் இல்ல. சில மீட்டர் அகலக் கால்வாய் 30 மீட்டர் சதுரத்துல கரைஞ்சு போயிடும்.

2022 ஆகஸ்ட்ல சென்னையோட ரெண்டாவது விமான நிலையத்துக்கு அறிவிச்ச பரந்தூர் இடத்துக்குள்ள பல ஏரிகளும் இந்தக் கால்வாயும் வருது. ஏகனாபுரம் மக்கள் போராடுறதுல நிலமும் வீடும் மட்டும் இல்ல, இந்தத் தண்ணிக் கேள்வியும் இருக்கு. விமான நிலையம் வேணுமா வேணாமான்னு இந்த எபிசோட்ல பேசப் போறதில்ல. ஆனா ரன்வே சமமாவும் உயரமாவும் இருக்கணும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சொச்சம் இறங்குற நிலத்துல அவ்வளவு நீளத்துக்கு மேடு போட்டா, அதுவே ஒரு புது நீர்ப்பிடிப்பு எல்லை. மேல்புறம் தேங்குற தண்ணி எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்ல, இலவச சாட்டிலைட் தரவு வச்சுப் போட்ட எந்தக் கணக்கையும் நான் ஏத்துக்க மாட்டேன். தரையில அளந்திருக்கணும்.

அப்போ என்னதான் செய்யறது?

லைடார் இருக்கு. விமானத்துல இருந்தோ ட்ரோன்ல இருந்தோ லேசர் அடிச்சு அளக்கிறது, பத்துப் பதினஞ்சு சென்டிமீட்டர் துல்லியம் வரும். நெதர்லாந்து நாடு முழுக்க இப்படி அளந்து யார் வேணா இறக்கிக்கலாம்னு வெளிய விட்டிருக்கு. அங்க பத்து சென்டிமீட்டர் வீட்டுப் பிரச்சினை, நமக்கும் அப்படித்தான்னு இன்னும் தோணலை.

லைடார் வர்ற வரைக்கும் மலிவான வழி ஒண்ணு இருக்கு. எல்லா இடத்தையும் அளக்க வேண்டாம், தண்ணி முடிவெடுக்கிற இடங்களை மட்டும் அளந்தா போதும். ஒவ்வொரு கலங்கலோட மேல்மட்டம், ரோட்டடிக் குழாயோட அடிமட்டம், கால்வாய் பிரியுற இடம். ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் வச்சு ரெண்டு பேர் லெவல் எடுத்துடலாம். பொதுப்பணித்துறை காலத்து ஏரிக் குறிப்பேடுகள்ல முழு நீர்மட்டம், கலங்கல் நீளம், தனி நீர்ப்பிடிப்பு, மேல் ஏரிகளோட சேர்ந்த நீர்ப்பிடிப்புன்னு எல்லாம் எழுதி வச்சிருக்கு. அந்த எண்களை டெம்ல ஏத்தி, கரையை உசத்தி, கலங்கலைத் திறந்து, கால்வாயைச் செதுக்கிட்டு அப்புறம் கம்ப்யூட்டரை ஓட விடணும். செதுக்கும்போது ஒரு எச்சரிக்கை: பழைய புலப்படத்துல இருக்கிற வாய்க்கால் இப்போ ஒரு லேஅவுட்டுக்கு அடியில இருக்கலாம். மேப்புல ஓட விட்டு, மழைக்கு ஓடலைன்னா என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. கோட்டுக்குப் பதிலா பட்டை வரையறது. டெம்மோட உயரங்கள்ல அதோட பிழை அளவுக்குத் தாறுமாறா கூட்டிக் குறைச்சு, எல்லையை ஆயிரம் தடவை போட்டுப் பாருங்க. முகடு இருக்கிற இடத்துல ஆயிரம் கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படியும். ஒரகடம்–வாலாஜாபாத் மாதிரி இடத்துல நூல்கண்டு பிரிஞ்ச மாதிரி விரியும். அந்த அகலம்தான் நமக்கு நிஜமா தெரிஞ்சது. திட்ட அறிக்கையில் மெல்லிசா ஒரு நீலக் கோடு போட்டு “நீர்ப்பிடிப்பு எல்லை”ன்னு எழுதும்போது அந்த அகலத்தை மறைச்சுடறோம்.

வீட்டுலயே பண்ணிப் பார்க்கலாம். கியூஜிஐஎஸ் இலவசம், எஸ்ஆர்டிஎம், கோப்பர்நிகஸ் ரெண்டும் இலவசம். திருநீர்மலைப் பாலத்தை வெளியேறும் புள்ளியா வச்சு, ரெண்டுலயும் தனித்தனியா அடையாற்று எல்லையைப் போடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு வச்சா எங்கெங்க ஒத்துப் போகலைன்னு தெரியும், ஏதாவது ஒரு ஏரியைச் சுத்தித்தான் பெரும்பாலும் இருக்கும். நவம்பர்ல ஒரு நல்ல மழைக்கு அடுத்த நாள் அந்த ஏரிக்குப் போங்க. கரையில மாடு மேய்க்கிற தாத்தா யாராவது இருந்தா, “இந்தக் கலங்கல் போனா தண்ணி எந்த ஏரிக்குப் போகும்ங்க?”ன்னு கேளுங்க. அவர் கை காட்டுற திசையை ஜிபிஎஸ் புள்ளியோட குறிச்சுக்கிட்டு வந்து, ரெண்டு டெம்ல எது அவர் பக்கம்னு பாருங்க.